அடிபட்ட மான் கைக்கு வராதபோது: அம்பில் எங்கே பிழை என்று அறிகுறி கொண்டு கண்டறிதல்

பென்சில்வேனியாவில் வேலை பார்த்த ஆண்டுகளில், முறைப்படி உரிமம் பெற்று, அங்குள்ள வில் வேட்டைப் பருவத்தில் மூன்று முறை காட்டுக்குச் சென்றேன். மூன்றாவது பருவத்தில், நவம்பர் மாத மாலை ஒன்றில், மரத்தில் கட்டிய பரணிலிருந்து 25 கஜத் தொலைவில் நின்ற வெண்வால் பிணைமான் ஒன்றின் மீது எய்தேன். காய்ந்த தென்னை மட்டையை ஒடித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. அம்பின் பெரும்பகுதி உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்க, மான் புதருக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. நானும் என் பெரியப்பா மகனும் அன்றிரவும் மறுநாள் பிற்பகல் வரையும் தேடினோம். 150 கஜம் வரை தெரிந்த இரத்தத் தடம் ஓர் ஓடைக்கரையில் நின்றுபோனது. மான் கிடைக்கவே இல்லை. அது எங்கோ கிடந்து துடித்திருக்கும் என்ற எண்ணம் இத்தனை நாள் கழித்தும் என்னை விட்டு அகலவில்லை.

இப்போது நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். இங்கே மானை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதில் எனக்கு மறுகருத்தும் இல்லை. மாதவரத்தில் நண்பர் ஒருவரின் காலிக் கிடங்கில், பின்சுவரை ஒட்டி அடுக்கிய சாக்குப் பொதிகளில் பயிற்சி முனை கொண்டு எய்வதோடு என் வில் பழக்கம் நின்றுவிடுகிறது. ஆனால் அமெரிக்காவில் குடியேறி, சட்டப்படி வேட்டைக்குச் செல்லும் உறவினர்களும் பழைய நண்பர்களும் அக்டோபர் பிறந்தால் போதும், ‘அடிபட்டது கிடைக்கவில்லை, எந்த அம்பு வாங்கலாம்’ என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அன்று நானும் அதையேதான் கேட்டேன். “அம்பு ரொம்ப லேசா இருக்குண்ணே, கனமானதா ஒரு டஜன் வாங்கிடலாம்” என்றேன். அண்ணன் உடனே மறுத்துவிட்டார். “அவசரப்படாதடா. வழியில கிடைச்ச அந்த உடைஞ்ச துண்டை முதல்ல பத்திரமா வை. என்ன நடந்ததுன்னு அதுதான் சொல்லும்” என்றார். அவர் பேச்சைக் கேட்காமல் புதிய அம்புகளை வாங்கியிருந்தால், என் வில்லில் இருந்த உண்மையான பிழை அப்படியே இருந்திருக்கும். அடுத்த மானும் அதே ஓடைக்கரையில் காணாமல் போயிருக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

எய்த இடத்தையும், மான் நின்ற இடத்தையும், கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் தனித்தனியே அடையாளம் செய்துகொள்ளுங்கள். அம்பு பட்டபோது கேட்ட ஓசையையும், மான் நடந்துகொண்ட விதத்தையும் அங்கேயே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு மணி நேரம் கழிந்தால் நினைவு நமக்குச் சாதகமாகத் திரிந்துவிடும். பின்னங்காலை உதைத்துப் பாய்ந்து ஓடினால் அடி பெரும்பாலும் நெஞ்சுப் பகுதியில் பட்டிருக்கும். முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்தால் வயிற்றில் பட்டிருக்கும்.

அம்போ அதன் துண்டோ கிடைத்தால் துடைக்காதீர்கள். நுரையோடு கூடிய வெளிர்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும். அதற்கு அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். கருஞ்சிவப்பு கல்லீரலைக் காட்டும்; 4 மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். நீர்த்த இரத்தத்தோடு பச்சைத் துணுக்கும் துர்நாற்றமும் இருந்தால் குடல். 8 முதல் 12 மணி நேரம் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. படுத்துவிட்ட மானை அவசரப்பட்டு எழுப்பிவிட்டால், அது இன்னும் வெகுதூரம் ஓடி, இரத்தமும் சிந்தாத இடத்தில் போய் விழும். தடம் அறுந்துபோனால் கயிற்றில் பிடித்த மோப்ப நாயை வரவழைக்கப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன; பென்சில்வேனியாவும் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இதை அனுமதித்தது. நாங்கள் அன்று நாயைத் தேடிப் போகாமல் நாங்களே புதரை மிதித்துத் தடத்தைக் கலைத்தது பெரும் தவறு.

அறிகுறி: அம்பு ஒரு சாண் ஆழம்கூடப் போகாமல் நின்றுவிட்டது

எனக்கு நேர்ந்தது இதுதான். இந்த அறிகுறியைக் கண்டதும் எல்லோரும் எடையைப் பற்றிப் பேசுவார்கள். நான் அம்பு பறக்கும் விதத்தை முதலில் பார்க்கச் சொல்வேன்.

நாணை விட்டுக் கிளம்பும் அம்பு நேர்க்கோலைப் போலப் போவதில்லை. வளைந்து நெளிந்து, சிறிது தூரம் சென்ற பிறகே நிதானப்படுகிறது. அந்த நேரத்தில் அதன் பின்னிறகு ரெஸ்ட்டில் (எய்யும்வரை அம்பைத் தாங்கி நிற்கும் கவையில்) உரசிவிட்டால் வால் ஆடத் தொடங்கும். வால் ஆடும் அம்பு உடலில் சாய்வாக நுழையும். உள்ளே தள்ள வேண்டிய வலுவில் ஒரு பங்கு தண்டைப் பக்கவாட்டில் வளைப்பதிலேயே வீணாகிவிடும். பயிற்சிப் பலகையில் இந்தக் குறை தெரியாது. பலகை அம்பைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே செய்யப்பட்டது. எப்படி நுழைந்தாலும் நேராக நுழைந்தது போலவே காட்டும்.

ஊர் திரும்பிய பிறகு, கிடங்கில் ஒரு நாள் பின்னிறகுகள் மீதும் ரெஸ்ட்டின் கவை மீதும் வீட்டில் இருந்த முகப்பவுடரைத் தூவி ஓர் அம்பை எய்தேன். கவையின் இடது கொம்பில் மயிரிழை அகலத்தில் ஒரு கோடு பவுடரை வழித்துக்கொண்டு போயிருந்தது. கீழிறகின் விளிம்பிலும் அதே அளவுக்கு ஒரு வெறுங்கோடு இருந்தது. என்னுடையது அம்பு கிளம்பியதும் கீழே விழுந்துவிடும் வகை ரெஸ்ட். அதைக் கேபிளோடு (கப்பி வைத்த வில்லில் நாணோடு சேர்ந்து இயங்கும் வடத்தோடு) இணைக்கும் மெல்லிய கயிறு கட்டிய இடத்திலிருந்து ஒரு நெல்லளவு நழுவியிருந்ததால், கவை நேரம் தாழ்த்தி விழுந்து, ஒவ்வோர் அம்பின் வாலையும் தட்டிவிட்டிருக்கிறது. கயிற்றைச் சரியான நீளத்தில் இறுக்கி, கேபிளில் நூல் சுற்றிக் கட்டினேன். அதன் பிறகு பவுடரில் கோடு விழவில்லை. எத்தனை மாதங்களாக இந்தப் பிழையோடு எய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. அன்று வெகுநேரம் அந்தக் கவையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பவுடர் சோதனையில் தேறிய வில்லைக் காகிதச் சோதனைக்கு உட்படுத்துங்கள். ஒரு சட்டத்தில் செய்தித்தாளை இறுக்கமாக ஒட்டி, 2 மீட்டர் தூரத்திலிருந்து அதன் ஊடாக எய்யுங்கள். முனை போட்ட துளையைச் சுற்றி இறகுகள் ஒழுங்காகக் கிழித்திருந்தால் அம்பு நேராகச் செல்கிறது. வால் மேலே கிழித்திருந்தால் நாணில் நாக் (அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவுத் துண்டு) பொருந்தும் இடத்தைச் சற்றே இறக்குங்கள், அல்லது ரெஸ்ட்டை ஏற்றுங்கள். ஒரு முறைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

அடுத்தது தண்டின் விறைப்பு. தண்டில் 400, 340 என்று அச்சிட்டிருக்கும் எண், 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவே 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு தாழ்கிறது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகச் சொல்கிறது. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். முனையில் எடையைக் கூட்டினால் தண்டு விறைப்பு குறைந்தது போல நடந்துகொள்ளும். ஆகவே 100 கிரெயின் (ஏறக்குறைய 6.5 கிராம்) முனையைக் கழற்றிவிட்டு 150 கிரெயின் முனையை மாட்டுகிறவர் பல வேளைகளில் 400 தண்டிலிருந்து 340 தண்டுக்கு மாற வேண்டிவரும். தண்டை மாற்றாமல் முனையை மட்டும் மாற்றிவிட்டு அம்பு ஆடுகிறதே என்று கவலைப்படுகிறவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

மூன்றாவதாக அலகின் கூர்மையைப் பாருங்கள். காசிமேட்டில் காலை வேளையில் வஞ்சிரம் வெட்டும் அக்காமார்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. புதிதாகத் தீட்டிய கத்தி மீனின் மீது எடையே இல்லாதது போல இறங்கும். வெட்டிய துண்டின் முகம் கண்ணாடி போல இருக்கும். மழுங்கிய கத்தியோ சதையை முதலில் அமுக்கி, இழுத்து, பிறகு கிழிக்கும். உயிருள்ள உடலில் இந்த வேறுபாடு இன்னும் பெரியது. கூரிய வெட்டு விரைவில் அடைபடாமல் இரத்தத்தை விட்டுக்கொண்டே இருக்கும். நைந்த காயத்தில் இரத்தம் எளிதில் உறைந்து தடம் அறுந்துபோகும். பிராட்ஹெட் எனப்படும் வேட்டை முனை கடையிலிருந்து வந்தபடியே கூர்மையாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு ரப்பர் பேண்டை விரல்களில் இழுத்துப் பிடித்து அலகை அதன் மீது மெல்ல வைத்தால், அழுத்தாமலேயே அறுபட வேண்டும். பலகையில் எய்து பார்த்த அலகைத் தீட்டாமல் காட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

இவை மூன்றும் சரியாக இருந்தும் அம்பு ஆழம் போகவில்லை என்றால்தான் எடையைப் பற்றி யோசிக்க வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த அடகுக்கடை ஒன்றில், நகை நிறுக்கும் மின்தராசில் என் அம்புகளை நிறுத்துப் பார்த்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒவ்வொன்றாக வைத்து எண்ணைச் சொன்னார். பழைய அம்பு முனையோடு சேர்த்து 24.6 கிராம் இருந்தது. ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின் என்ற கணக்கில் அது 380 கிரெயின். என் வில்லில் அது வினாடிக்கு 285 அடி வேகத்தில் போனது. அதே வில்லில் 500 கிரெயின், அதாவது 32.4 கிராம் அம்பு, ஏறக்குறைய 252 அடி வேகத்தில் போகிறது. இரண்டின் இயக்க ஆற்றலையும் கணக்கிட்டால் 93 ஜூலும் 96 ஜூலும் வருகின்றன. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எடையை வேகத்தால் பெருக்கி வரும் உந்தம் 2.14 கிலோகிராம்-மீட்டர்/வினாடி என்பதிலிருந்து 2.49 ஆக, சுமார் 16 விழுக்காடு உயர்கிறது. தடை எதிர்ப்படும்போது அம்பு தொடர்ந்து முன்னேறுவதற்கு உந்தமே துணை செய்கிறது. இதற்கு விலையும் உண்டு: இரண்டு அம்புக்கும் தனித்தனியே 20 கஜத்துக்குக் குறியைச் சரிசெய்து வைத்தாலும், 40 கஜத்தில் கனமான அம்பு லேசானதைவிட 4, 5 அங்குலம் கூடுதலாகத் தாழும். சைட்டை (வில்லில் உள்ள குறிபார்க்கும் கருவியை) மறுபடி அமைக்காமல் எடையை மட்டும் கூட்டினால் ஒரு பிழையை விட்டு மற்றொன்றைப் பிடித்தவர்களாவோம்.

எடையைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நாக்கின் பள்ளத்திலிருந்து தண்டின் முன்முனை வரை அளந்து, முனை மாட்டிய அம்பை விரல் மேல் வைத்து அது நிலைகொள்ளும் இடத்தைக் குறியுங்கள். 28 அங்குல அம்பு 17.5 அங்குலத்தில் நிலைகொண்டால், நடுப்புள்ளியிலிருந்து 12.5 விழுக்காடு முன்பாரம் என்று பொருள். 10 முதல் 15 வரை வேட்டை அம்புக்குப் பொருத்தமானது என்பது பொதுவான வழக்கம். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் அம்பு ஊடுருவலை ஆராயத் தொடங்கிய டாக்டர் எட் ஆஷ்பி இதைவிட அதிக முன்பாரத்தையும், கனத்த எலும்பைப் பிளக்க 650 கிரெயின் எடையையும் வலியுறுத்தினார். அவர் பேசியது பெரிய விலங்குகளின் கனத்த எலும்புகளைப் பற்றி. வெண்வால் மானுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் அவருடைய வரிசையில் அம்பின் உறுதி முதலிடத்திலும், பிசகாத பறப்பு இரண்டாமிடத்திலும் இருப்பதை, எடையை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்கள் கவனிப்பதில்லை.

அறிகுறி: முனை வளைந்திருக்கிறது, அல்லது தண்டை விட்டுப் பிரிந்துவிட்டது

கிடைத்த துண்டின் முன்நுனியைப் பாருங்கள். இன்சர்ட் (முனையைத் திருகி மாட்ட, தண்டுக்குள் ஒட்டும் சிறு உலோகக் குழல்) மட்டும் கழன்று வந்திருந்தால் பசையின் குறை. தண்டின் உட்புறத்தில் கார்பன் தூள் இருக்கும்போதே ஒட்டியிருப்பீர்கள். ஆல்கஹால் நனைத்த பஞ்சால் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்து, எபாக்ஸி வைத்து, ஓரிரவு விட்டுவிட வேண்டும். இன்சர்ட் வளைந்திருந்தால் அலுமினியத்தை விட்டுவிட்டு எஃகுக்கு மாறுங்கள், முன்பாரமும் கூடும். தண்டு நார்நாராகப் பிளந்திருந்தால், முன்பே விரிசல் இருந்ததா என்ற சந்தேகம் எழ வேண்டும். ஒவ்வோர் எய்தலுக்கும் முன்பு தண்டை முகத்துக்கு அப்பால் பிடித்து, சற்றே வளைத்து, காதால் கேளுங்கள். மெல்லிய நொறுங்கல் ஓசை கேட்டால் அந்தத் தண்டை ஒடித்துப் போட்டுவிட வேண்டும், யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

அறிகுறி: அம்பு ஊடுருவிப் போய்விட்டது, ஆனாலும் இரத்தத் தடம் இல்லை

இதற்கு அம்பைவிட எய்த கோணமே பெரும்பாலும் காரணம். 20 அடி உயரப் பரணில் இருந்துகொண்டு மிக அருகே நிற்கும் மானை எய்தால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டுமே தொடும். ஒரு நுரையீரலோடு மான் வெகுதூரம் போகக்கூடும். உயரமாகப் பட்டால் இரத்தம் மார்புக்கூட்டுக்குள்ளேயே தேங்கி, அது நிரம்பிய பிறகே வெளியே வழியும். அதனால் முதல் 50, 60 கஜத்துக்கு ஒரு சொட்டும் தெரியாமல் போகலாம். தடம் இல்லை என்று அங்கேயே திரும்பிவிடக் கூடாது. இலையின் மேற்பரப்பை மட்டும் பார்க்காமல், மான் உரசிச் சென்றிருக்கக்கூடிய இடுப்புயரச் செடிகளின் பக்கங்களையும் பாருங்கள்.

விரியும் அலகுகள் கொண்ட முனையைப் பயன்படுத்துவோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலகை விரிப்பதற்கே அம்பின் வலுவில் ஒரு பங்கு செலவாகிறது. சாய்வாகப் பட்டால் ஒரு பக்க அலகு முதலில் பிடித்துக்கொண்டு அம்பைத் திருப்பிவிடவும் கூடும். இழுவிசை 50 பவுண்டுக்குக் குறைவாக உள்ள வில்லுக்கு, நிலையான ஈரலகு முனையே நல்லது என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அகலமான ஒரு காயத்தைவிட, இருபுறமும் திறந்த சிறிய காயம் தடம் காட்டும்.

அறிகுறி: பயிற்சி முனை விழும் இடத்தில் வேட்டை முனை விழுவதில்லை

பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் பிராட்ஹெட்டை மாட்டிப் பார்க்கிறவர்களுக்கே இது பேரிடியாக வருகிறது. நிலையான அலகு முன்னால் இருக்கும் சிறிய இறக்கை போன்றது. பயிற்சி முனை மறைத்து வைத்த சிறு கோணலையும் அது பெரிதாக்கிக் காட்டும். ஆகவே சைட்டைத் தொடாதீர்கள். தொட்டால் கோணல் அப்படியே இருக்க, குறி மட்டும் பொருந்தியது போலத் தோன்றும். வேட்டை முனை வலப்புறம் விழுந்தால் ரெஸ்ட்டை இடப்புறமும், இடப்புறம் விழுந்தால் வலப்புறமும், கீழே விழுந்தால் மேலும், மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரண்டு முனைகளும் ஒரே இடத்தில் விழும்வரை பொறுமையாக எய்யுங்கள். என் அண்ணனுக்கு இதற்கு இரண்டு வாரங்கள் பிடித்தன.

அம்புகளில் எண் எழுதி வைப்பது இங்கே பெரிதும் உதவும். என்னுடைய 6 அம்புகளில் 4ஆம் எண் மட்டும் எப்போதும் கூட்டத்தை விட்டு ஒரு கைப்பிடி விலகிப் பாயும். நாக்கைச் சற்றே திருப்பித் திருப்பி, இறகுகளின் வாட்டத்தை மாற்றி மூன்று முறை பார்த்தும் திருந்தாததால், அதைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கிவிட்டேன். வேட்டைக்குப் போகிறவர் அப்படிப்பட்ட அம்பைத் தூணியில் வைத்திருக்கவே கூடாது.

அறிகுறி: அம்பில் குறை ஒன்றும் இல்லை, பட்ட இடம்தான் வேறு

எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகும் எனக்கு ஒரு கேள்வி எஞ்சி நின்றது. கவை உரசியதால் அம்பு ஆழம் போகவில்லை என்பது சரி; ஆனால் நுரையீரலைக் குறிவைத்த அம்பு தோள்பட்டை எலும்புக்கு ஏன் ஏறியது?

கணக்கு இதற்கு விடை சொல்கிறது. 25 கஜத்தை என் பழைய அம்பு 0.26 வினாடியில் கடந்தது. நாணின் ஓசை அதே தூரத்தை 0.07 வினாடியில் கடந்துவிடும். இடையில் ஏறத்தாழ 0.2 வினாடி இருக்கிறது. ஓசை கேட்ட மான் ஓடுவதற்கு முன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். எதுவும் தடுக்காமல் விழும் பொருள் 0.2 வினாடியில் 20 சென்டிமீட்டர் இறங்கும். மானுக்கு ஓசையை உணரவும் சற்று நேரம் ஆகும் என்பதால் முழு 20 சென்டிமீட்டர் கிடைக்காது. ஆனால் அதில் பாதி போதும், நுரையீரல் இருந்த இடத்துக்கு எலும்பு வந்துவிடும். கனமான அம்பு வில்லின் ஓசையைக் குறைக்கிறது, ஆனால் 0.03 வினாடி தாமதமாகவும் போய்ச் சேருகிறது. ஒன்று மற்றதை ஏறக்குறைய ஈடுசெய்துவிடுவதால், எந்த அம்பை வாங்கியும் இந்த அறிகுறியை முழுவதும் நீக்க முடியாது. நாணில் ஓசையடக்கிகளைக் கட்டலாம்; குறியைச் சற்றே தாழ்த்தி, நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைக்கலாம்.

அன்று அந்த மான் மேய்ந்துகொண்டிருக்கவில்லை. தலையை நிமிர்த்தி, காதுகளை என் பக்கம் திருப்பி, ஒரு முன்னங்காலைத் தரையில் தட்டியபடி பரணையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை நான் கண்டேன், கண்டும் எய்தேன். மான் அப்படி நிற்கும்போது தூரம் 25 கஜமாக இருந்தாலும் 15 கஜமாக இருந்தாலும், இழுத்த நாணை மெல்லத் தளர்த்தி அம்பைத் தூணிக்கே திருப்பிவிடுங்கள்.